தொட்டிக்கு முன்பே உட்கார்ந்து பார்த்தவர்

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது, ஒரு பள்ளிக்கூட வேனின் கடைசி சீட்டில் முழங்கால் இரண்டும் தாடையை முட்ட மடங்கி உட்கார்ந்திருந்தார். நல்ல பருத்த உடம்பு. அந்தச் சீட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அவரே செய்து போட்டது. வேன் எங்கும் ஓடவில்லை. உக்கடம் குளத்தை ஒட்டியிருந்த அவருடைய பட்டறை வாசலில் நின்றிருந்தது. கீழே இரண்டு ஆட்கள் நின்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் நல்லா ஆட்டுங்கப்பா. டிரைவரு பள்ளத்துல உடாமயா போவாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலுதட்டைத் தடவிக்கொண்டே இறங்கினார். முன்சீட்டின் கம்பி பிள்ளைகளின் பல்லுக்கு நேராக இருக்கிறது, அதற்கு ரப்பர் சுற்றினால்தான் வண்டியைக் கொடுப்பேன் என்றார். அவர் குனிந்து உட்கார்ந்து, கம்பியில் ஓர் இடியும் வாங்கித்தான் அதைக் கண்டுபிடித்திருந்தார்.

கண்ணுகளா, நம் வீட்டுக்கு நாற்காலி வந்தாலும் சைக்கிள் வந்தாலும் அப்பா முதலில் ஏறி உட்கார்ந்து பார்க்கிறார் என்று நீங்கள் இருவரும் சிரிப்பீர்கள். உங்கள் படிக்கும் மேசைக்கு அடியில் நான் புகுந்து பார்த்ததை ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருக்கிறீர்கள். அது எனக்குத் தானாக வந்த பழக்கமில்லை. அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான்.

வண்டிக்கு மேல்கூடு கட்டுவதும், தகடு தட்டி வெல்டிங்கில் ஒட்டுவதும், சீட்டுப் போடுவதும் அவர் தொழில். எதைச் செய்தாலும் அது இருக்கப்போகிற இடத்தில் முதலில் தான் போய் இருந்து பார்ப்பார். கோழி ஏற்றுகிற வண்டிக்குக் கூண்டு கட்டினால் கூண்டுக்குள் குந்தி உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு தடவை இறந்தவர்களைக் கொண்டுபோகிற வண்டி ஒன்று வந்தது. அதிலும் நீட்டிப் படுத்துக்கொண்டு பேரூர் வரைக்கும் போய்வந்துவிட்டார். வழியில் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்களாம். திரும்பி வந்ததும், தலைப்பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருக்கிறது, ரத்தமெல்லாம் தலைக்கு வருகிறது, மேடாக்க வேண்டும் என்றார். செத்தவருக்கு அதெல்லாம் தெரியவா போகிறது என்று யாரோ கேட்டதற்கு, "அவரு வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரில்ல. நாமதான சொல்லோணும்?" என்றார்.

பட்டறைக்குப் பின்னால்தான் அவர் வீடு. அவர் மனைவியை அக்கா என்போம். அந்த அக்கா வெளியே வந்து, "மொதல்ல குளிச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள வாங்க. அப்புறம் ஒண்ணு, நெசமாப் போறப்ப தலகாணி சரியில்லைன்னு எந்திரிச்சு வந்துறாதீங்க" என்றது. அன்று பட்டறையில் யாராலும் வேலை செய்ய முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஒரு தண்ணீர்த் தொட்டியால்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலாளிக்குப் பொள்ளாச்சி ரோட்டில் எண்ணெய் மில். நல்ல மனிதர், ஆனால் சுருக்கென்று கோபம் வந்துவிடும். காடு மலை என்றால் அவருக்கு உயிர். நீளமான ஜீப் ஒன்றை வாங்கிப் பச்சைப் பெயிண்ட் அடித்து, வெளியூர்க்காரர்களை ஆழியாறுக்கு மேலே எஸ்டேட் மண்பாதைகளில் கூட்டிப்போகிற வேலையைத் தொடங்கியிருந்தார். அங்கே கடை கண்ணி எதுவும் கிடையாது. குடிக்க, சமைக்க, கைகால் கழுவ, ரேடியேட்டர் கொதித்தால் ஊற்ற, எல்லாவற்றுக்கும் தண்ணீரைக் கீழேயிருந்தே கொண்டுபோக வேண்டும். முதலாளிக்கோ விருந்தாளிகளுக்கு, எங்கள் ஊர்க் குழாயில் வருகிற சிறுவாணித் தண்ணீரைத் தவிர வேறெதையும் கொடுக்க மனசு வராது. மலையில் ஓடையே ஓடினாலும், "அது ஓடைத்தண்ணிப்பா, இது சிறுவாணி" என்பார்.

நாங்கள் பிளாஸ்டிக் குடங்களிலும் கேன்களிலும் பிடித்துக் கயிற்றால் கட்டி வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்தில் கயிறு அவிழ்ந்து கேன் ஒன்று உருண்டு, விருந்தாளி ஒருவரின் கணுக்காலில் மோதிவிட்டது. நல்ல வீக்கம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, தொட்டி ஒன்றை நிலையாகப் போட்டுவிடு, இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார். அப்போது உங்கள் அம்மா மாசமாக இருந்தாள், ஆறாம் மாதம். சென்னிமலையில் தறி நெய்கிற குடும்பம் அவளுடையது. அவளுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவமும் எங்கள் பொறுப்பு. எனக்கு இருந்தது அந்த ஜீப் வேலை ஒன்றுதான்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு முதலில் செய்த காரியம், என்னையும் அழைத்துக்கொண்டு உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதுதான். காசு போட்டால் வண்ண பல்பு மின்னி அட்டை துப்புகிற எடை மிஷின் அங்கே இருந்தது. அதில் ஏறி நின்றார். அட்டையைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எம்பத்து மூணு தம்பி. நாம போடறது எம்பது லிட்டர் தொட்டி. நானும் உன்ற தண்ணியும் ஏறக்கொறைய ஒண்ணுதான்" என்றார். அட்டையின் மறுபக்கத்தில் பயணத்தால் நன்மை உண்டு என்று இருந்தது. அதையும் என்னிடம் காட்டினார்.

மறுநாள் முதலாளியும் வந்தார். தொட்டியை ஜீப்பின் பின்கதவை ஒட்டி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. இறங்கி நின்று குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், பார்க்கவும் அழகாக இருக்கும். அண்ணன் நேராக ஜீப்பில் ஏறினார். பின்கதவை ஒட்டித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஓட்டு கண்ணு" என்றார்.

மதுக்கரைப் பக்கம் லாரிகள் தோண்டிப்போட்ட பாதை ஒன்று உண்டு. அதில் விட்டேன். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எங்களுக்கு ஒரு குலுக்கல். பின்னால் அவருக்கோ ஆள் தரையை விட்டு எழும்பி, உச்சந்தலை மேல்கம்பியில் டங்கென்று இடிக்கும். முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே பார்த்துக்கொண்டார். வண்டி நின்றதும் அண்ணன் தலையைத் தேய்த்தபடி, "ஏனுங்க, தண்ணிக்கு இங்க இருக்கப் பிரியமில்லீங்க" என்றார்.

பிறகு முன்சீட்டுக்கு நேர் பின்னால், எதிரெதிராக இருந்த இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவில் தரையில் போய் உட்கார்ந்தார். அதே பாதையில் திரும்பி வந்தோம். பாதி வழியில் குறட்டைச் சத்தம் கேட்டது. முதலாளி, "இங்கியே வெச்சுரு" என்றுவிட்டார்.

வேலை நான்கைந்து நாள் நடந்தது. குலுங்கும்போது தன் கை எங்கே பிடித்ததோ அங்கே தொட்டியைக் கட்டுகிற இரும்புப் பட்டை. தன் கால் எங்கே ஊன்றியதோ அங்கே ஒரு தடுப்பு. தன் முதுகு சாய்ந்த இடத்தில் ரப்பர் மெத்தை. தரைத் தகடு கிழியாமல் இருக்க அடியில் கனத்த பட்டை வைத்து போல்ட்டு முடுக்கினார். குழாயை மட்டும் வண்டிக்கு வெளியே நீட்டிவிட்டார். வேலை முடிந்ததும் தொட்டியைக் கையால் தட்டி, "நீ இரு, நான் எறங்கிக்கறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

முதல் பயணத்துக்கு ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் மண்டிக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். வயதான அம்மாவும் உடன் இருந்தார். ஏறும்போது தொட்டி நிறையத் தண்ணீர். ஒரு சத்தம் இல்லை, ஓர் அசைவு இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேலே இரண்டு நாள் தங்கி, சமைத்து, குளித்து, மூன்றாம் நாள் காலை இறங்கினோம். அப்போது தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

எஸ்டேட் பாதையின் ஒரு வளைவில் வண்டியைத் திருப்பினேன். என் முதுகுக்குப் பின்னால் 'தொம்' என்று ஓர் அடி. யாரோ கடப்பாறையால் சீட்டை இடித்த மாதிரி இருந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். நான் பதறிப்போய் பிரேக்கை அழுத்திவிட்டேன். தண்ணீர் முழுதும் முன்னால் வந்து இன்னொரு அடி அடித்தது. சேற்றில் வண்டி வழுக்கி, இடது சக்கரம் ஓரத்துக் கால்வாயில் இறங்கி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்த அம்மா என் வண்டியில் மறுபடி ஏற மாட்டேன் என்றுவிட்டார். எஸ்டேட் லாரி ஒன்றில் அவர்கள் எல்லோரும் கீழே போனார்கள். எஸ்டேட் ஆட்கள் சக்கரத்தைத் தூக்கிவிட, நான் காலி ஜீப்பைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு முதுகில் அடி விழுந்தது.

முதலாளி நடந்ததைக் கேட்டார். பட்டறைக்குப் போய் அந்தத் தொட்டியைக் கழற்றிவிட்டு, சாயங்காலம் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிடு, நீ ஓட்டினது போதும் என்றார். வீட்டில் உங்கள் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனேன்.

போகும்போது அண்ணன் மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. அவர் ஏதாவது சமாதானம் சொல்வார், சண்டை பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, ஜீப்பில் ஏறித் தொட்டியைக் கட்டிப்பிடித்து, அதில் காதை வைத்துக்கொண்டார். மதுக்கரைப் பாதைக்கு விடச் சொன்னார். உள்ளே இன்னும் அந்தப் பாதித் தண்ணீர் இருந்தது. முதல் பள்ளத்திலேயே 'தொம்' என்றது. நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"தம்பி, தப்பு என்றதுதான். நான் ரொம்புன தொட்டியாவே உக்காந்து பாத்துட்டேன். பாதியா இருந்து பாக்கவே இல்ல" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார். நிறைந்த தொட்டியில் தண்ணீருக்கு நகர இடமில்லை, ஒரே கல்லு மாதிரி இருக்கும். பாதி ஆகிவிட்டால் மீதி இடமெல்லாம் அதற்கு ஓடி விளையாடுகிற மைதானம். மனிதன் எப்போதும் நிறைந்தவன், தளும்ப மாட்டான். அதனால்தான் அவருக்கு அது தெரியாமல் போய்விட்டது.

பிறகு அவர் ஒன்று செய்தார். என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, நின்றிருந்த வண்டியில் என் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வண்டி கட்டியவர், அவருக்கு ஓட்டத் தெரியாது. நான் சொல்லாத நேரமாகப் பார்த்துச் சீட்டின் முதுகில் ஓங்கி அறையச் சொன்னார். அறைந்தேன். கோபமும் இருந்ததால் பலமாகவே அறைந்தேன். அவர் காலைப் பார்த்தேன். தன்னை அறியாமல் பிரேக்கை அழுத்தியிருந்தது.

"ஆரு உக்காந்தாலும் அமுத்தத்தான் செய்வான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். என் ஆத்திரம் அதோடு போய்விட்டது.

பட்டறைக்குத் திரும்பியதும் வீட்டுக்குள் போய் விசேஷத்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவைத் தூக்கி வந்தார். பாதி தண்ணீர் ஊற்றி, ஜீப்பில் ஏறித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்டாவை மடியில் வைத்துக்கொண்டார். பின்னாலேயே அக்கா வந்தது. "ஏனுங்க, ஜீப்புலயே குளிக்கறதுன்னு முடிவு பண்ணீட்டீங்களா? அண்டா நெளிஞ்சுது, நானே உங்கள நெளிச்சுருவேன்" என்றது. அவர், "போயி துண்டு எடுத்து வை அம்மணி" என்றார்.

மறுபடி அதே பாதை. அவர் சட்டை, வேட்டி, முகம் எல்லாம் நனைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் அவரும் அந்தப் பக்கம் சாய்வார். திடீரென்று வலது கையை முழங்கை வரைக்கும் அண்டாவுக்குள் விட்டு, குறுக்கே நிறுத்தினார். தண்ணீர் பாதியாக அடங்கிவிட்டது. இன்னொரு கையையும் விட்டார். அதன்பிறகு அது விளிம்பை விட்டு வெளியே வரவேயில்லை.

அன்றைக்கே தொட்டியின் மேல்தகட்டை அறுத்து, உள்ளே இரண்டு கை நின்ற மாதிரி இரண்டு குறுக்குத் தகடுகளை நிறுத்தினார். தண்ணீர் மெல்ல நகர்ந்து போக அவற்றில் ஓட்டைகள் போட்டார். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் தகடுகளை அல்ல. தகட்டில் கை வைக்கும் முன்பே, நனைந்த வேட்டியோடு, என் ஜீப்பில் ஏறி முதலாளி மில்லுக்கு விடச் சொன்னாரே, அதைத்தான்.

செக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, தம்பி ஓட்டுனதுல தப்பில்லீங்க. நான் கட்டுனதுல தப்புங்க. அவுரு சீட்டுல நானே உக்காந்து பாத்துட்டுத்தான் வாரேன். நானா இருந்தா மலையில இருந்து உருட்டியே உட்டிருப்பனுங்க."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். இது என்ன கோலம் என்று கேட்டார். அண்டாக் கதையைக் கேட்டதும் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. வாயோரம் துடித்தது. சரி, மாற்றிக் கட்டு, அதே வளைவில் அதே பாதித் தண்ணீரோடு நானே வந்து உட்கார்ந்து பார்க்கிறேன், பிறகு சாவியைப் பற்றிப் பேசலாம் என்றார்.

போனோம். இறங்கும்போது முதலாளி வலது பெஞ்சில். அண்ணன் தரையில், தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. கால்வாயில் வண்டி இறங்கின தடம் இன்னும் அழியாமல் இருந்தது. வளைவில் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் 'சளக்' என்று ஒரு சின்னச் சத்தம். தூக்கத்தில் குழந்தை சப்புக்கொட்டுகிற மாதிரி. அவ்வளவுதான்.

ஆழியாறு வந்து சேர்ந்ததும் முதலாளி இறங்கிப்போய்க் குழாயைத் திருகி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். "என்னய்யா, சிறுவாணி இப்படித் தகர வாசம் அடிக்குது" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே, "வண்டி உன்ற ஊட்டுலயே நிக்கட்டும். அவசரத்துக்கு ஆகும்" என்றார். உங்கள் அம்மா மாசமாக இருப்பது அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த வேலைக்குப் பிறகு ஒரு நாள் அண்ணன் ஆள் அனுப்பி ஜீப்பைக் கொண்டுவந்து விட்டுப் போகச் சொன்னார். என்ன பழுதோ என்று விட்டுவந்தேன். சாயங்காலம் போனால், தொட்டியைக் கட்டியிருந்த சட்டத்தில் உட்காருகிறவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பஞ்சு வைத்துத் துணி சுற்றினார். எதற்கு என்றேன். கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார்.

"அண்டாவ மடியில வெச்சுட்டு வாரப்ப ஒண்ணு தோணுச்சு தம்பி. எனக்கு அரைமணி நேரம். உன்ற ஊட்டு அம்மணிக்கு இன்னும் மூணு மாசமில்ல?"

உட்கார்ந்து பார்த்து, எட்டவில்லை என்று அதைக் கழற்றி இன்னும் ஒரு விரற்கடை இறக்கி வைத்தார். நான் வருவதற்கு முன்பே வயிற்றின் மேல் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார் என்பதைப் பட்டறை ஆட்கள் பிறகு சொன்னார்கள். அக்காதான் தலையணை கொடுத்ததாம். அன்றைக்கு மட்டும் அது அவரைக் கேலி பண்ணவில்லையாம்.

மூத்தவளே, நீ பிறந்தது ஒரு காலை நேரம். அம்மாவுக்கு வலி எடுத்ததும் சென்னிமலைப் போர்வை ஒன்றைப் பெஞ்சில் விரித்து உட்கார வைத்தேன். ரோடெல்லாம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பெரியாஸ்பத்திரி போகும் வரைக்கும் நான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் அந்தக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. அது சத்தமே போடவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஜீப் கை மாறிப்போனது. நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். அம்மா மட்டும் இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் கையால் கம்பியைத் தேடிவிட்டு, "அந்த அண்ணன் வெச்ச எடத்துல ஒருத்தனும் வெக்க மாட்டேங்கறான்" என்பாள். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறாள் என்று இப்போது தெரிந்துகொண்டீர்கள். நீ இந்த உலகத்துக்கு வந்த வழியில், உனக்கு முன்னாலேயே ஒருவர் உன் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை, வரலாம் என்று இறங்கியிருந்தார்.